அவருக்காக நான் சாப்பிட்ட சாப்பாடு

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நாங்கள் நேராகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. வழியில் நல்ல சாப்பாட்டுக் கடை தேடுவது என் கணவரின் பைத்தியம். பெரிய போர்டு வைத்த ஓட்டல் பக்கம் திரும்பமாட்டார். பஸ் டிரைவர்கள் எங்கே இறங்கிக் கை கழுவுகிறார்கள் என்று பார்த்து, அங்கே காரை ஓரங்கட்டுவார். பாகாலாவில் வேர்க்கடலைச் சட்னிக்காக ஒரு கடை, சந்திரகிரி தாண்டி நாட்டுக்கோழிக் குழம்புக்காக ஒன்று. சத்தியவேட்டுக்குப் போகும் நாளிலும் இதே கதைதான்; அங்கே என் அக்கா சமைத்துவைத்துக் காத்திருப்பாள். நாங்கள் மீன் குழம்பு வாசனையோடு வயிறு நிறைந்து போய் நிற்போம்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி கரைந்தது. அதோடு ருசியும் போனது, எச்சிலும் வற்றிவிட்டது. ருசி மெல்லத் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதன்பின் மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் போவோம். கார் ஓட்டுவது நான். அவர் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் புளியமரத்தாண்ட நிறுத்து. புதுசா கடை போட்டுக்கினு இருக்காங்க பாரு" என்பார். ஒரு வாய் வைப்பார். தண்ணீரோடு விழுங்குவார். "மண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த கடைக்குக் கிளம்பச் சொல்வார்.

ஒருநாள் நான்காவது கடையில் என் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"உங்களுக்கு ருசி இல்லன்னா எனக்குமா இல்ல? என்னையாவது ஒரு எடத்துல உக்காந்து துன்ன வுடுங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தார். பிறகு தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ துன்னு. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

"நல்லா இருக்கு."

"அப்படிச் சொன்னா எப்படி? இன்னா நல்லா இருக்கு?"

இன்னொரு வாய் எடுத்தேன். "பூண்டு லேசா கருகியிருக்கு. அதுதான் நல்லா இருக்கு. மொதல்ல புளிப்பு தெரியுது. காரம் அப்புறமா வருது."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவர் கடை தேடுவார். நான் சாப்பிட்டுச் சொல்வேன். இருபத்தாறு வருஷம் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் எதையும் நான் கவனித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பூதலப்பட்டில் ஓர் அம்மாள் ராகி சங்கடி போட்டாள். மெல்ல வேண்டாத களி, தானாக வழுக்கி இறங்கும். அங்கே மட்டும் அவர் என்னோடு முழுதாகச் சாப்பிட்டார். "பாகுந்தா சார், நல்லா இருக்கா? இன்னொரு உருண்ட போடட்டா?" என்று அவள் கேட்க, "போடும்மா" என்றார்.

அந்த மழைக்காலத்தில் நோய் நுரையீரலுக்குப் பரவியது. கடைசி வாரங்களில் மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. ஒரு மதியம், சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். முதல்நாள் இரவிலிருந்து நான் சாப்பிடவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"சுடுசோறு. புளிச்சக்கீரை. மேல நல்லெண்ணெய். கீரையில காஞ்ச மொளகாய முழுசா போட்டிருந்தாங்க. புளிப்பு நாக்கோரத்துல சுருக்குன்னு புடிச்சிது."

அவர் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "எங்க?" என்று வாயசைத்தார்.

"சந்திரகிரி தாண்டி. புதுக் கடை."

இரண்டு கைகளையும் தூக்கி, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினார். நாம் போகலாம் என்று அர்த்தம். போகலாம் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, சர்ச்சிலிருந்து வந்த சபையார் எல்லோரும் கிளம்பிய பிறகு, சாப்பிடாமலே அவரிடம் புளிச்சக்கீரைச் சோறு என்று சொன்னதை அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"பொய்யின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

அந்தப் பாதையில் எங்கே எந்தக் கடை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய் எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்தாள்.