பாட்டிலின் நெற்றி

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதுவதும் அப்படித்தான். ஒரு எழுத்தை வைத்துவிட்டு அடுத்ததை யோசிப்பேன். ஆகவே இது மெதுவாகத்தான் போகும். அவசரம் உள்ளவர்கள் எங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "புரோகிராம் சூப்பர் சக்சஸ்."

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனி. அங்கே லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. கருங்குழியில் காலையில் கம்பெனி வேன் ஏறினால் ஜன்னலோர இடம் எனக்கென்று காலியாக இருக்கும். யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். நான் கழுவிய பீக்கரில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம். குடித்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

லேபில் இருக்கும் கெமிஸ்ட்டுகள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள். அவர்களுக்கு நான் ஆயா. வெள்ளிக்கிழமை காலையில் லேபுக்குப் பூஜை போடுவதும் நான்தான். சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து, மெஷினில் தொடங்கி அலமாரி, பாட்டில் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வருவேன். ஒரு வாரம் நான் லீவு போட்டேன். அந்த வாரம் மெஷினில் ரீடிங் சரியாக வரவில்லையாம். திரும்பி வந்ததும் ஒரு கெமிஸ்ட் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா ஆயா, நீ பொட்டு வெக்காம பூட்ட. அது மூஞ்சத் தூக்கி வெச்சினு கீது."

அவன் எம்.எஸ்ஸி. அவனே சொல்லும்போது நான் என்ன சொல்ல முடியும்?

அதே கெமிஸ்ட்தான் பிறகு கையில் ஆசிட்டை ஊற்றிக்கொண்டான். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தோல் உரிந்து ஆறிவிட்டது. ஆனால் ஹெட் ஆபீசுக்குச் செய்தி போய்விட்டது. ஆபத்தான மருந்துகளைக் கையாளுகிற எல்லோருக்கும் உடனே பயிற்சி வைக்க வேண்டும், முடிவில் தேர்வும் வைக்க வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது.

பயிற்சிக்குத் திட்டம் போட ஒரு குழு. குழுவில் தொழிலாளி ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். அந்த நேரத்தில் கையில் வேலை இல்லாமல் நின்றவள் நான். கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சுழலும் நாற்காலி. நான் சுழலவில்லை.

அந்த மாதம்தான் சேஃப்டி ஆபீசராக ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். படூரில் இருந்து வருகிறவள். என்னை அம்மா என்று கூப்பிட்ட ஒரே ஆள். அவள் மேனேஜரிடம் சொன்னாள்: "சார், ட்ரெய்னிங்க லேப்லயே வெக்கலாம். நாலஞ்சு பேரா கூப்டு, அவங்க தொடற பாட்டிலயே கையில குடுத்துச் சொல்லிக் குடுக்கலாம்."

மேனேஜர் மிகவும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்ல ஐடியா. அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல எந்த ரிசார்ட்டுன்னு முடிவு பண்ணுவோம்" என்றார்.

அதன்பிறகு குழு மும்முரமாக வேலை செய்தது. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் எந்த ரிசார்ட்டில் ஏசி நன்றாக இருக்கும் என்று பேசினார்கள். எல்லோருக்கும் கொடுக்கிற பை நீலமா பச்சையா என்று பேசினார்கள். பேனரில் மேனேஜர் படம் வலது பக்கமா இடது பக்கமா என்பதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்து தீர்ந்தது. சாப்பாட்டில் வஞ்சிரமா சிக்கனா என்று என்னையும் கேட்டார்கள். வஞ்சிரம் என்றேன். தொழிலாளர் தரப்பின் கருத்து ஏற்கப்பட்டது. அங்கிருந்து முட்டுக்காடு வரை போய்ப் படகு சவாரி என்றும் முடிவானது. ஆசிட் பற்றிப் பேச நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆசிட் எங்கே போகப்போகிறது, அலமாரியில்தானே இருக்கும்.

எழுந்திருக்கும்போது மேனேஜர் சொன்னார்: "தேர்வுல பாஸானவங்கதான் இனிமே லேபுக்குள்ள. ஹெட் ஆபீஸ் ஆர்டர். பெயிலானா கேன்டீனுக்கு மாத்திடுவோம்."

கெமிஸ்ட்டுகளைக் கேன்டீனுக்கு அனுப்பினால் சாம்பார் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இந்த வார்த்தை யாருக்கு என்று எனக்கும் தெரிந்தது. பீக்கர் கழுவிய கை, எச்சில் தட்டு கழுவப் போக வேண்டும். வீட்டில் எச்சில் தட்டு கழுவாதவளா நான்? ஆனால் கழுத்தில் லேப் அட்டை மாட்டிக்கொண்டு, தனிக் கதவில் அதைக் காட்டித் திறந்து உள்ளே போகிறவள் நான். அந்தக் கதவு எனக்குத் திறக்காமல் போவதை வேனில் வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "பெயிலானவங்களுக்கு இன்னொரு தடவ ட்ரெய்னிங் குடுத்துத் திரும்பத் தேர்வு வெக்கணும் சார். அதையும் பிளான்ல சேத்துடுங்க" என்றாள். மேனேஜர் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டார்.

பயிற்சி நாளும் வந்தது. ரிசார்ட் அருமை. அலைச் சத்தம் உள்ளே வராதபடி கதவை அடைத்து, கடல் தெரியாதபடி திரையை இழுத்துவிட்டு, அந்த இருட்டில் படம் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்த வாத்தியார் கோட்டு போட்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷ். நடுநடுவே "ஓகேவா" என்பார். அது எனக்குப் புரிந்தது. நானும் ஓகே என்றேன். மற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. வஞ்சிரம் தன் வேலையைக் காட்டியது.

கடைசியில் தேர்வு. தாளில் வரிசையாகப் படங்கள். பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படங்களாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொருளை எழுத வேண்டும். அந்தப் பெண் சண்டை போட்டதால் தமிழில் எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். தாளை அச்சடித்தது எங்கள் லேப் பிரிண்டரில். அதனால் கெமிஸ்ட்டுகளின் போனில் விடை முந்தின நாளே வந்திருந்தது. மேசைக்கு அடியில் பார்த்து மேசைக்கு மேலே எழுதினார்கள். கையைச் சுட்டுக்கொண்ட கெமிஸ்ட் எனக்குப் பக்கத்து நாற்காலி.

"ஆயா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. பெயிலாயிடாத."

"என் கண்ணு நல்லாத்தான் கீது. நீ உன் போனப் பாரு, சார்ஜ் எறங்கிடப் போவுது."

தலையோட்டுப் படம் கரண்ட் கம்பத்தில் பார்த்ததுதான், ஆபத்து என்று எழுதினேன். நெருப்பை நெருப்பு என்றே எழுதினேன். மற்றப் படங்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு கைமேல் ஏதோ சொட்டுகிறது. கை கழுவவும் என்று எழுதினேன். மரம் ஒன்று, பக்கத்தில் செத்த மீன் ஒன்று. சாப்பிடும் இடம் என்று எழுதினேன். ஒரு ஆளின் நெஞ்சில் பெரிய நட்சத்திரம். ரொம்ப நேரம் யோசித்து மேனேஜர் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. கெமிஸ்ட்டுகள் அத்தனை பேரும் முழு மதிப்பெண். நான் ஒருத்திதான் பெயில். மேனேஜர் வருத்தமாகச் சொன்னார், அவருக்கு வருத்தப்படவும் நன்றாக வரும். "இன்னா பண்றது ஆயா, ரூல்ஸ். கேன்டீன்ல வேல கம்மிதான்."

அந்தப் பெண் அங்கேயே இருந்தாள். "சார், இன்னொரு ட்ரெய்னிங் பாக்கி கீது. நீங்கதான் ஓகே சொன்னீங்க."

ஓகே சொன்னதை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. "சீக்கிரம் முடிச்சிடு" என்றார்.

ஆக, என் ஒருத்திக்காக ஒரு பயிற்சி. பை இல்லை, பேனர் இல்லை, மீன் இல்லை. லேபில் நான் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதுல இன்னா படம் தெரியுது?"

"பொட்டு தெரியுது."

அவள் இன்னொன்றை எடுத்தாள். அதிலும் பொட்டு. இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளிக்கிழமைகள் காய்ந்து தடித்து, சிவப்பு வட்டம் நின்றது. அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா இங்க வெச்சது?"

"நான்தான். வேற யாரு வெப்பாங்க?"

"படத்து மேலயேவா வெப்பீங்க?"

"பொட்ட எங்க வெப்பாங்க? நெத்தியில. பாட்டிலுக்கு நெத்தி அங்கதான கீது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எனக்கு வரவில்லை. நான் ஒழுங்காகச் செய்த வேலை அது. நடுவில், வட்டமாக, ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

இதற்குள் கெமிஸ்ட்டுகள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பீக்கர் வேண்டும் என்று ஒருவன், தொட்டியில் கை கழுவ ஒருவன். கையில் ஏற்கெனவே பீக்கர் வைத்திருந்தவனும் பீக்கர் கேட்டு வந்தான். ஆயா படிக்கிறாள் என்றால் சும்மாவா. பின்னால் நின்று கிசுகிசுத்தார்கள்.

"மச்சான், ஆயா பாஸாயிட்டா உன் எடத்துக்கு வந்துடும்டா."

அந்தப் பெண் ஈரத் துணியால் ஒரு பாட்டிலைத் துடைத்தாள். பொட்டு கரைந்து வழிந்தது. அடியில் கைமேல் சொட்டுகிற படம். "இது கை கழுவச் சொல்றது இல்லம்மா. தொட்டா தோல அரிச்சிடும்னு அர்த்தம்" என்றாள். கையைச் சுட்டுக்கொண்டவன் தன் தழும்பைப் பார்த்துக்கொண்டான். அடுத்த பாட்டிலைத் துடைத்தாள். நெஞ்சில் நட்சத்திரம் வைத்த என் மேனேஜர் வெளியே வந்தார்.

"இது இன்னாது?" என்றான் அவன். கேட்டது நான் இல்லை, அவன். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன்.

"மூச்சுல தொடர்ந்து உள்ள போனா, பல வருசம் கழிச்சு உள்ளுறுப்பக் கெடுக்கும்" என்றாள்.

அந்தப் பாட்டிலில் இருப்பது சரியான மருந்துதானா என்று பார்க்க, அவன் தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான். நான் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நல்ல மூக்கு என்று நானே ஒருமுறை மெச்சியிருக்கிறேன். அவன் கையை நீட்டி மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். அதற்குப் பிறகு எவனும் பீக்கர் கேட்கவில்லை. ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார்கள். என் பொட்டுகளை அவர்கள் துடைப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. ஆனாலும் ஓரத்தில் சிவப்பு விட்டவனை அதட்டித் திரும்பத் துடைக்க வைத்தேன். துடைப்பது என்றால் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

மறுநாள் எனக்குத் திரும்பவும் தேர்வு. மரமும் மீனும் சாப்பிடும் இடம் இல்லை, இதைத் தண்ணீரில் கொட்டினால் ஆறு ஏரியில் உள்ளதெல்லாம் சாகும் என்று எழுத்துக் கூட்டி எழுதினேன். மேனேஜர் படத்துக்கு என்ன பொருளோ அதையும் எழுதினேன். அரை நாள் ஆனது. பாஸ். கதவில் அட்டையைக் காட்டினேன், பீப் என்றது, திறந்தது. வேனில் வந்தவர்கள் பின்னால் நின்றிருந்தார்கள். நான் மெதுவாகத்தான் உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நான் நுழைந்ததும் லேபில் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

"ஆயா, இப்ப எங்க வெப்ப?" என்றான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

"முதுகுல. இனிமே உங்க பாட்டிலுக்கெல்லாம் முதுகுலதான்."

மெஷின், அலமாரிக் கால், பாட்டில்களின் முதுகு எல்லாம் முடிந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. மேனேஜர் அறைக்கு வெளியே, ரிசார்ட் பயிற்சி வெற்றியாக நடந்தது என்று ஹெட் ஆபீஸ் அனுப்பிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு நெற்றி எங்கே என்று நான் தேடவில்லை. எழுத்து எங்கே அதிகமாக இருந்ததோ அங்கே வைத்தேன், பெரிதாக. இன்றைக்கும் வாராவாரம் வைக்கிறேன். அதை மட்டும் யாரும் துடைக்கச் சொல்லவில்லை.