பி பிளாக்குக்குக் கீழே இருக்கும் பேச்சு

அவித்த உருளைக்கிழங்கு வாசனை... சென்னையை ஒட்டிய பாரிவாக்கத்தில் அந்த முள்ளுக்காட்டுக்குள் முதல் நாள் கால் வைத்தபோது அதுதான் அடித்தது. சுற்றுவட்டாரத்தில் ஓர் அடுப்பு கிடையாது. பாம்பு கொட்டாவி விட்டால் இந்த வாசனை வரும் என்பார்கள்.

அப்போது நான் அங்கே அபார்ட்மென்ட் கட்ட வந்த கம்பெனியில் சைட் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பந்தா மட்டும் பத்து வருஷத்துக்கு இருக்கும்.

ஜேசிபி இறங்குவதற்கு முன்னால் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க, கன்னியம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். இருளர் பெண். கூடவே தங்கச்சி செல்வி.

ஒவ்வொரு வளைக்கு முன்னாலும் கன்னியம்மா உட்கார்ந்து, மண்ணில் கை வைத்து ஏதோ பேசுவார். தமிழ் மாதிரி இருக்கும்... தமிழ் இல்லை. பேசிவிட்டுக் காத்திருப்பார். பதில் வந்த மாதிரி தலையாட்டிவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார்.

"இன்னாமா பேசறே?"

"உள்ள கீறவங்க கிட்ட கேட்டுகினுதான் தோண்டணும் சார். எங்க பேச்சுல கேட்டாதான் வழி உடுவாங்க."

"தங்கச்சி பேசாதா?"

"ஸ்கூல்ல எங்க பேச்சக் கேட்டு சிரிச்சாங்கன்னு ஊட்லகூட பேசறத உட்டுட்டோம். எனக்கே இந்த மண்ணுல நின்னாதான் வாய்ல வருது. இதையும் மூடிட்டா என்னோட பூடும் சார்."

மூடினோம். அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போட்டுக் கொடுத்ததே நான்தான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அங்கேதான், பி பிளாக்கில் எனக்கு ஃபிளாட். அக்காவும் தங்கச்சியும் ஹவுஸ்கீப்பிங். மதிய நேரத்தில் பேஸ்மென்ட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, தூண் தூணாக நடப்பார்கள். நாவல் மரம் இருந்த இடம், புற்று இருந்த இடம்... அக்கா நின்று ஒரு சொல் சொல்வார், தங்கச்சி திருப்பிச் சொல்வார். அந்தக் குரல்கள் லிஃப்ட் வழியாக மேலே வரை கேட்கும்.

'பயமா இருக்கு, நிறுத்தச் சொல்லுங்க' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே புலம்பல். அக்கா தங்கச்சிக்காக நான் சண்டை போட்டேன். அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது.

போன வாரம் என் கார் பக்கத்தில் செல்வி சட்டென்று நின்றார். கண்ணை மூடி, நீளமாக எதையோ சொன்னார். கன்னியம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இன்னா சொல்லுது?"

"கீழ யாரோ தூங்கிகினு கீறாங்களாம். வண்டிய எடுக்கச் சொல்லுது."

"நீ சொல்லிக் குடுத்ததுதானே?"

"இல்ல சார். இது எங்கம்மா சொல்றது. இவ கைக்கொழந்தையா கீறப்பவே அவ செத்துப் பூட்டா."

சொல்லிக்கொண்டே அழுதார், சிரித்தார்.

அந்த நாளில் இந்த மண்ணை வெறும் காலிமனை என்று நினைத்தவன் நான்... இப்போது என் கார் தெருவில், வெயிலில் நிற்கிறது. வீட்டில் தினமும் திட்டு. பேஸ்மென்ட்டில் கார் நின்ற இடத்தைத் தாண்டும்போது மட்டும் செல்வி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.