சுகன்யாதேவியின் ஒன்பதாம் விதி

சுகன்யாதேவியின் சமையலறை அலுமாரியைத் திறந்தால், கதவின் உட்புறத்தில், மிளகாய்த்தூள் போத்தலுக்கு நேரே ஸ்ரனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டு நிற்பார். பத்திரிகையிலிருந்து வெட்டிய படம். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, கையில் வெள்ளிப்பூண் போட்ட நீளக் கோல். பின்னால் முப்பது பேர் முரசும் தாளமுமாக நடந்து வருகிறார்கள். ஒன்பது வருடத்தில் எண்ணெய்ப் புகை பட்டு அவருடைய வெள்ளை உடுப்பு மஞ்சளாகிவிட்டது. அதைக் கிழித்துப் போடலாம் என்று கணவர் இராசலிங்கம் இரண்டு தரம் கை வைத்தார். இரண்டு தரமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். கறிக்குத் தூள் போடேக்கை எனக்கு அது தேவை" என்றாள் சுகன்யாதேவி.

அவள் வீட்டுக் கறி உறைப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறைப்புத்தான்.

ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு பாண் தொழிற்சாலையில், பணிஸ் பொதி செய்யும் ஓடுபட்டியில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவள் அவள். அந்தப் பட்டி நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு பொதிகளைக் கொண்டுவந்து தள்ளும். அணிநடைக்கும் அதே வேகம்தான் சரி என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பாடசாலையில் படித்தபோது பாண்ட் வாத்திய அணியில் அவளுக்குப் பெரிய முரசைக் கட்டிவிட்டார்கள். உடம்பு வாகு அப்படி. முன்னால் கோல் பிடித்து நடக்க எந்த வருடமும் ஒல்லியான, வெள்ளையான பிள்ளையாகப் பார்த்து எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவள் முரசை அடித்த அடியில் தோல் இரண்டு முறை கிழிந்தது.

அதனால்தான் 2008இல் நகரத்துத் தமிழர்களின் விளையாட்டுக் கழகம் ஒரு பாண்ட் அணி தொடங்கியபோது அவள் அப்படி ஓடினாள். கழகத்தின் செயலாளர் ஸ்ரனிஸ்லாஸ். ஊரில் யாருக்கு ஜெர்மன் கடிதம் வந்தாலும் வாசித்து விளங்கப்படுத்துகிறவர். அதனால் எல்லோருக்கும் அவர் தேவை, அது அவருக்கும் தெரியும். முரசுகளை வாங்கி வைத்துவிட்டு எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாமல் நின்றவரும் அவரே. சுகன்யாதேவி வந்து பழக்கினாள். வலது இடது தெரியாதவர்களின் சப்பாத்தில் சிவப்பு நூல் கட்டிப் பழக்கினாள். ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுப் போட்டியின் தொடக்க அணிநடையில் அவளே கோல் பிடித்து முன்னால் நடந்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் பணிஸ் பொதி செய்கிறவளாக இருக்கவில்லை.

2016 ஆடி மாதம், அவளுடைய ஒன்பதாவது அணிநடை. நகரபிதா வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார் என்று காலையிலிருந்தே பரபரப்பு. அணி வரிசைகட்டி நிற்கும்போது ஸ்ரனிஸ்லாஸ் புது வெள்ளை உடுப்போடு வந்தார்.

"தங்கச்சி, இண்டைக்குப் பெரிய ஆக்கள் வருகினம். முன்னுக்கு நடக்கிறதுக்கு ஒரு எடுப்பு வேணும். கோலை என்னட்டைத் தாங்கோ. நீங்கள் தேத்தண்ணிப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ, அங்கை ஆள் காணாது."

அவள் கொடுத்துவிட்டாள். பிடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேர் பார்த்திருப்பார்கள். அவர் கையை நீட்டினார், இவள் கொடுத்தாள். பிறகு கூடாரத்தில் நின்று முந்நூறு பேருக்குத் தேநீர் ஊற்றினாள். வெளியே அவள் பழக்கிய முப்பது பேரும் ஒரு கால் பிசகாமல் அவருக்குப் பின்னால் நடந்து போனார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பழக்கியதும் அவள்தான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அணியைப் பழக்கியவர் என்று ஸ்ரனிஸ்லாஸின் பெயர் போட்டிருந்தது.

இரண்டு வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. 2018 மாசியில் திறந்தாள். சொந்த அணி தொடங்கப் போகிறேன் என்றாள்.

ஜெர்மனியில் ஒரு சங்கம் பதிவதற்கு ஏழு பேர் வேண்டும். இராசலிங்கம் கையெழுத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் பக்கத்துப் பட்டியில் நிற்கும் போலந்துக்காரி ஒருத்தி, தாளம் தட்டலாம் என்றதும் வந்தாள். பான் நகரத்திலிருந்து கல்யாணம் முடித்து ஹம்முக்குப் புதிதாக வந்திருந்த நிலக்சி வந்தாள். அவள் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். இன்னும் மூன்று பேரைச் சுகன்யாதேவி கெஞ்சியும் வெருட்டியும் சேர்த்தாள். அணிக்குக் கொட்டுமுரசு என்று பெயர் வைத்தார்கள்.

சங்கத்துக்கு யாப்பு எழுத வேண்டும், அதாவது விதிகள். நிலக்சி எட்டு விதிகளை ஜெர்மனில் எழுதி முடித்ததும் சுகன்யாதேவி ஒன்பதாவதைச் சொன்னாள். வேறொரு வாத்திய அணியில் தலைமைக்கோல் பிடித்து நடந்தவர் எவரும் இந்த அணியில் ஒருபோதும் அந்தக் கோலைப் பிடிக்க முடியாது.

"அக்கா, இது எதுக்கு?" என்று நிலக்சி கேட்டாள். ஊருக்குப் புதியவள், பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"எழுதும் பிள்ளை. ஒரு நாளைக்கு ஒருத்தர் வருவார். வரேக்கை கதவு பூட்டிக் கிடக்க வேணும்."

சங்கங்களைப் பதிகிற நீதிமன்றத்தில் யாப்பு பதிவாகி முத்திரையோடு வந்தது. சுகன்யாதேவி அன்று பாயாசம் காய்ச்சினாள்.

முதல் வருடம் பழகியது ஊருக்கு வெளியே ஒரு தளபாடக் களஞ்சியத்தின் வாகனத் தரிப்பிடத்தில். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, இடம் சும்மா கிடக்கும். ஆனால் ஜெர்மன்காரரின் ஞாயிறு அமைதிக்கு முரசு ஒத்துவராது. இரண்டாவது கிழமையே நகராட்சியிலிருந்து ஒருத்தர் தாளும் பேனையுமாக வந்துவிட்டார். அதற்குப் பிறகு முரசுகளின் மேல் குளியல் துவாய்களைக் கட்டிவிட்டு அடித்தார்கள். சத்தமே வராத முரசில் ஒரு வருடம் பழகியவர்களுக்கு, துவாயை அவிழ்த்த அன்று கை சும்மா நிற்குமா? அடுத்த கோடையில் ஏழு பேர் பன்னிரண்டு பேரானார்கள். பிறகு கொரோனா வந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுத் தலையணையில் அடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார்கள். அதிலிருந்தும் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். 2023இல் நகரங்களுக்கிடையிலான போட்டியில் முதலாம் இடம். 2025இல் இருபத்தொரு பேர். ஸ்ரனிஸ்லாஸின் முப்பது பேர் அந்த நேரத்தில் பதினொன்றாகத் தேய்ந்திருந்தார்கள். அவர் கத்துவார், பிந்தி வருவார், முன்னால் வேகமாக நடந்து போய்விடுவார். விலகிய ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டு சுகன்யாதேவி சந்தோஷப்பட்டாள். அது நல்ல குணமில்லைத்தான்.

அந்த வருடம் வைகாசியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. புரட்டாதியில் நடக்கும் நகர விழா ஊர்வலத்தில் கொட்டுமுரசு நடக்க வேண்டும், ஆனால் முப்பது பேருக்குக் குறையக்கூடாது. ஒரு முறை நடந்துவிட்டால் பக்கத்து நகரங்களும் கூப்பிடும், பழகுவதற்கு நகராட்சி ஒரு மண்டபத்தையே தரக்கூடும் என்று நிலக்சி கணக்குப் போட்டாள். சுகன்யாதேவி வேறு கணக்குப் போட்டாள். நகரம் முழுவதும் பார்க்க, கோல் பிடித்து, அவள் முன்னால் நடப்பாள். அதே பத்திரிகைக்காரன் படம் எடுப்பான். ஸ்ரனிஸ்லாஸ் நடைபாதையில் நின்று பார்ப்பார்.

ஆனால் அவர் வீட்டுக்கே வந்தார்.

சமையலறை மேசையில் அமர்ந்து, பழைய விஷயம் எதுவுமே நடக்காததுபோல் சுகம் விசாரித்தார். தேயிலை எடுக்கச் சுகன்யாதேவி அலுமாரிக் கதவை வேண்டுமென்றே அகலத் திறந்து விட்டாள். அவர் தன் படத்தைக் கண்டார். பிறகு செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

"உங்களிட்டை இருபத்தொண்டு. என்னட்டைப் பதினொண்டு. சேந்தா முப்பத்திரண்டு. எங்கடை ஆக்களுக்கும் அதுதான் விருப்பம். முன்னுக்கு ஆர் நடக்கிறது எண்டதைப் பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

இந்த நாளுக்காகத்தான் அவள் ஏழு வருடம் காத்திருந்தாள். யாப்பை எடுத்து, ஒன்பதாம் விதியில் விரலை வைத்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"கதைக்க ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் வரலாம். கோல் பிடிக்க ஏலாது."

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாக மற்றவர்களின் கடிதங்களை வாசித்த மனிதர். ஒரு தரம் வாசித்தார், இன்னொரு தரம் வாசித்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அலுமாரிக் கதவில் இருந்த அதே சிரிப்பு.

"தங்கச்சி, எங்கடை அணியிலை எட்டு வருசம் கோல் பிடிச்சு நடந்தது ஆர்?"

விதியைச் சொன்ன அன்று அவள் கண்ணுக்குள் ஸ்ரனிஸ்லாஸ் மட்டுமே நின்றார். தன்னை அவள் யோசிக்கவே இல்லை. தன் சொந்த விதியை மீறித்தான் ஏழு வருடம் அவள் கோல் பிடித்து நடந்திருக்கிறாள். அந்த நினைப்பே அவளைக் கூச வைத்தது.

"நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாக் காணும். நான் எழுதேல்லை" என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டு. "கூட்டம் கூட்டி அந்த விதியை எடுத்துவிடுங்கோ. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அந்த இரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. அவள் மேல் அவளுக்கே வந்த கோபம், அவர் மேல் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

ஆனி மாதம் பொதுக்கூட்டம் நடந்தது. இருபத்தொரு பேரும் வந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் விருந்தாளியாகக் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். நிலக்சி எழுந்து இரண்டு வழி இருக்கிறது என்றாள். விதியை நீக்கலாம், அல்லது அக்காவுக்கு மட்டும் பெயர் போட்டு விலக்கு எழுதலாம். எதற்கும் நான்கில் மூன்று பங்கு கை வேண்டும். எல்லோரும் கையைத் தூக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

சுகன்யாதேவி எழுந்தாள்.

"விலக்கு வேண்டாம். எனக்கு விதியிலை ஓட்டை போட்டுத் தந்ததெண்டு இவர் ஊர் முழுக்கக் காட்டித் திரிவார். விதியை எடுக்கவும் வேண்டாம். எடுத்தா அடுத்த வருசம் இவர் ஒவ்வொரு வீடாப் போய்க் கதைச்சுக் கோலை வாங்கிப்போடுவார். அது இருக்கிறபடியே இருக்கட்டும்."

"அக்கா, அப்ப நீங்களும் பிடிக்க ஏலாது."

"ஓம். நானும் பிடிக்கேல்லை, இவரும் பிடிக்கேல்லை. இவர் சாகும்வரைக்கும் பிடிக்க ஏலாது எண்டால் எனக்கு அது காணும்."

மனைவிக்கு உதவுவதாக நினைத்து, விதியை நீக்கக் கையைத் தூக்கினார் இராசலிங்கம். அவள் பார்த்தாள். கை இறங்கியது. விதி நின்றது.

வீட்டுக்கு வந்து கோலின் வெள்ளிப்பூணைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, இனிப் பிடித்து நடக்கச் சொல்லி நிலக்சியிடம் கொடுத்துவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் அழுதாள். நன்றாக அழுதாள். அந்தக் கோல் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஸ்ரனிஸ்லாஸுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அவருடைய பதினொரு பேரும் ஏற்கெனவே மனதால் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவரும் உறுப்பினர் படிவத்தை நிரப்பினார். என்ன வாசிப்பீர்கள் என்று நிலக்சி கேட்டபோதுதான் எல்லோருக்கும் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு வாத்தியமும் பழகவில்லை. தாளத்தைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பதினொரு பேரோடு கழகத்தின் பெரிய முரசும் வந்து சேர்ந்தது. அதை அடித்துவந்த இன்னாசித்தம்பிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, இந்த முறை நடக்கவே ஏலாது என்றார்.

"அதை எனக்குக் கட்டுங்கோ" என்றாள் சுகன்யாதேவி.

பாடசாலையில் அவளுக்கு விளங்காத ஒன்று இப்போது விளங்கியிருந்தது. கோல் இருப்பது பார்ப்பவர்களுக்காக. நடப்பவர்களின் கால் கேட்பது பெரிய முரசைத்தான். அது அடிக்கும்போது முப்பத்திரண்டு இடது காலும் நிலத்தில் இருக்க வேண்டும்.

புரட்டாதி விழா நாளில் வெயில் நன்றாக எறித்தது. வீதியின் இரண்டு பக்கமும் சனம். நகரபிதாவின் மேடைக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்வலம் நின்றது. முன்னால் போன அணி கடக்கும்வரை கொட்டுமுரசு நின்ற இடத்திலேயே நடைபோட வேண்டும். முன்னால் நிலக்சி கோலோடு நிமிர்ந்து நின்றாள். அதைச் சுகன்யாதேவி ஒரு முறைதான் பார்த்தாள். அவளுக்கு நேர் பின்னால் ஸ்ரனிஸ்லாஸ், அவளுடைய அணியின் நீலச் சட்டையில்.

அவள் அடித்தாள். முப்பத்தொரு கால் விழுந்த சத்தம் கேட்டது, ஒன்று பிந்தி விழுந்தது. இருபத்திரண்டு வருடம் பட்டியின் சத்தத்தைக் கேட்ட காதுக்கு அது போதும்.

"அண்ணை, கால் பிழை. மாத்துங்கோ" என்றாள் திரும்பாமல்.

அவர் தத்தி, காலை மாற்றினார். பக்கத்தில் நின்ற சனத்தில் யாரோ சிரித்தார்கள். இப்போது முப்பத்திரண்டும் ஒன்றாக விழுந்தன. முன்னால் வழி திறந்தது. நிலக்சி கோலை உயர்த்தினாள். மேடைக்குப் பக்கத்தில் பத்திரிகைக்காரன் கமெராவைத் தூக்கினான்.

"இன்னும் பிழை அண்ணை. மாத்துங்கோ."

இந்த முறை அவர் கால் சரியாகத்தான் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரனிஸ்லாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார். பிறகு மாற்றினார்.

அவள் முரசை ஓங்கி அடித்தாள். அணி மேடையை நோக்கி நடக்கத் தொடங்கியது.