கல்யாண வீட்டில் கிடைத்த சேலை

இன்று காலை, கப்பல் தபாலில் ஊரிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. அம்மா இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதாம்.

குழாயடியில் தலைமுழுகினேன். சாவுக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அறையில் தனியாக உட்காரவும் முடியவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விருந்துகளில் பரிமாறும் என் வேலைக்குப் போய்விட்டேன்.

ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரின் மகளுக்குக் கல்யாண விருந்து. வெண்ணெயும் வெள்ளரியும் வைத்த சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளைத் தட்டில் ஏந்தி, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினேன். சிரித்துக்கொண்டுதான்.

பெண்ணின் தாயார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உம்மட அம்மா ஊரிலயோ? சுகமா இருக்கிறாவோ?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றேன்.

கல்யாண வீட்டில் சாவுச் சேதி சொல்லக் கூடாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அம்மாதான்.

புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு புதுச்சேலையை என் கையில் வைத்தார். "மறக்காமல் அவவுக்கு அனுப்பிவிடும்."

அம்மாவுக்குக் கோடித்துணி போடக்கூட நான் பக்கத்தில் இல்லை. இப்போது சேலை என் மடியில் கிடக்கிறது.

எந்த விலாசத்துக்கு அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.