ஆறாம் அத்தியாயத்துக்கு அக்கா தந்த சொல்

முறிந்த இரும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் முகத்தில் இரண்டு பாகம் தெரியும். ஒன்று வழவழப்பாக, காவிரி மணலில் தண்ணீர் வடிந்தபின் நிற்கும் வரிகளைப் போல வளைந்த கோடுகளோடு இருக்கும். மற்றது உடைத்த கற்கண்டுபோலச் சொரசொரப்பாக மின்னும். என் மேஜை இழுப்பறையில், பழைய டைரிகளுக்குப் பக்கத்தில், அப்படி ஒரு துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் பருமன், அரைச்சாண் நீளம். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கிணற்று ராட்டினத்தின் அச்சு அது. ராட்டினத்தை எங்கள் வீட்டில் ஜகடை என்போம். அச்சு முறிந்தது 1963 புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. நாளையும் மணியையும் குறித்துவைப்பது என் வழக்கம். அந்த வழக்கத்தில் எனக்குப் பெருமை இருந்த காலம் அது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருச்சியில் ரயில்வே குமாஸ்தா வேலை. சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். அக்காவின் கணவர், அத்திம்பேர், ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். இரும்பு ஏன் வளைகிறது, கண்ணாடி ஏன் நொறுங்குகிறது, ஒரே எஃகு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் ஒரு குணமும் மெல்ல ஆறவிட்டால் வேறு குணமும் ஏன் காட்டுகிறது என்றெல்லாம் புது மாணவர்களுக்குச் சொல்லும் அறிமுகப் பாடம் அவருடையது. தமிழில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த பையன்கள் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தமிழிலேயே ஒரு சிறு நூல் எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து அவருக்கே பாதிதான் விளங்கும். சுத்தப் பிரதி எடுப்பது என் பொறுப்பு.

மாலைக் காபிக்குப் பிறகு நாங்கள் இருவரும் கூடத்தில் சொற்களோடு மல்லுக்கு நிற்போம். அக்கா உள்ளே அடுப்படியில் தளிகை வேலையைப் பார்த்துக்கொண்டே காதுகொடுப்பாள். நொறுங்கும் குணத்தை விளக்க அத்திம்பேர் ஒரு பக்கம் எழுதிப் படித்தபோது, “அப்பளம் மாதிரின்னு ஒரு வரி எழுதினா போறாதோ?” என்று கேட்டாள். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினார். வகுப்பில் காட்டுவதற்காக அவளுடைய கொண்டை ஊசிகளை எடுத்துப் போய், இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்துவிட்டு வருவார். “என் தலையிலே இருக்கறதைவிட உங்க காலேஜ் குப்பையிலேதான் ஊசி ஜாஸ்தி,” என்பாள் அக்கா.

ஆறாம் அத்தியாயத்தில் வந்து நின்றோம். கனத்த பளு ஏற்றினால் இரும்பு முறியும். அது யாருக்கும் தெரியும். ஆனால் தாங்கக்கூடிய சிறு பளுவையே ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், வெளியே ஓர் அடையாளமும் காட்டாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று முறிந்துவிடும். ஆங்கிலத்தில் அதை ஃபெட்டீக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஆவணி முழுக்கச் சொல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிவிட்ட சொற்களை நான் டைரியில் எழுதிவைத்தேன்.

அந்த ஞாயிறு காலையில் கொல்லையில் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜகடையும் கயிறும் வாளியும் கிணற்றுக்குள். அக்கா துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “அடி பட்டுதா?” என்றார் அத்திம்பேர். இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் காலடியில் அச்சின் பாதி கிடந்தது. எடுத்து முறிந்த முகத்தைப் பார்த்தவர், “இங்கே வாடா, இங்கே வாடா,” என்று என்னைக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் குந்தினோம்.

“இந்த வழவழப்பு இருக்கே, இது என்னிக்கோ விட்டுப்போச்சு. இந்த மூலையிலே மயிரிழையா ஆரம்பிச்சிருக்கு. ஒவ்வொரு வளையமும் விரிசல் கொஞ்ச நாள் நின்னு, மறுபடி நகர்ந்த இடம். கடைசியிலே இந்தக் கற்கண்டு மாதிரி இருக்கே, இத்துனூண்டு, இதுதான் அத்தனையையும் தாங்கிண்டிருந்திருக்கு.”

“களைப்புன்னே போட்டுடலாமே, அத்திம்பேர்?”

“களைப்பு உட்கார்ந்தா போயிடும்டா. இது போகாது.”

“சோர்வு?”

“அது மனசுக்கும் வரும். மனசில்லாததுக்கு என்ன சோர்வு?”

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “அலுப்புன்னு எழுதுங்கோ.”

இருவரும் திரும்பினோம்.

“தூங்கி எழுந்தாலும் போகாது. கார்த்தாலே கண்ணை முழிக்கறச்சேயே இருக்கும். வேலை என்னமோ அதே வேலைதான், புதுசா ஒண்ணுமில்லை. ஆனா அலுப்பு.”

அத்திம்பேர் தொடையில் தட்டினார். “முன்னுரையிலே உனக்குத்தான் முதல் நன்றி.”

“நன்றி இருக்கட்டும். வாளியை எடுத்துக் கொடுங்கோ, தீர்த்தம் இல்லாம தளிகை ஆகாது.”

நான் டைரியை எடுத்துவர உள்ளே ஓடினேன். அவள் எழுந்திருக்க எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. அதை நான் குறிக்கவில்லை.

மறுநாளே அத்திம்பேர் பாலக்கரைக்குப் போய்ப் புது அச்சு செய்வித்துக்கொண்டு வந்தார். பருமன் மாறுகிற மூலை கூர்மையாக இருந்ததால்தான் பழையதில் விரிசல் பிடித்தது என்று, அந்த இடத்தை வளைவாகக் கடையச் சொல்லிப் பட்டறையில் கூடவே நின்றாராம். எண்ணெய் போட்டு மாட்டினார். புது ஜகடை சத்தமே போடவில்லை. அக்கா அதில் மூன்று மாதம் தண்ணீர் இறைத்தாள்.

மார்கழியில் கோயிலுக்குப் போகும்போது தெருவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பனி என்றோம். தையில் கால் வீங்கியது. பாலக்கரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார்.

“சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வலிச்சிருக்கும். அப்பவே இதயத்துல ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வந்திருக்கு. அலுப்பா இருக்குன்னு எப்ப முதல்ல சொன்னாங்க? யாராவது சரியா சொல்லுங்க.”

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். வீட்டில் எது எப்போது நடந்தது என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். புது வருஷ டைரியோடு பழையதும் என் பையில் இருந்தது. பிரித்தேன். ‘ஞாயிறு. காலை 7.15. ஜகடை அச்சு முறிந்தது. ஆறாம் அத்தியாயத்துக்குச் சொல் கிடைத்தது: அலுப்பு. அக்கா தந்தது.’ அவள் சொன்ன நான்கு வாக்கியங்களையும் சொல்லுக்கு விளக்கமாகக் கீழே எழுதியிருந்தேன், ஒரு வார்த்தை விடாமல்.

“புரட்டாசியிலே,” என்றேன்.

“அப்பவே வந்திருந்தீங்கன்னா மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பேன். ஆபரேஷனைத் தாங்கற உடம்பா இருந்திருக்கும்,” என்றார் டாக்டர். திரும்பிவரும் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், “இவ்வளவு நேரம் என்ன பேசினேள்?” என்று அக்கா கேட்டாள். “ஒண்ணுமில்லை, மாத்திரை எழுதிக் கொடுத்தார்,” என்றார் அத்திம்பேர். மாசியில் ஒரு புதன்கிழமை காலை அக்கா போய்விட்டாள். வயது முப்பத்திரண்டு.

சித்திரையில், சென்னைக்கு அனுப்பியிருந்த கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அச்சிடலாம் என்று பாடநூல் குழுவின் கடிதம். திருத்தம் ஒன்றே ஒன்று. ஆறாம் அத்தியாயத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், ‘அலுப்பு: வீட்டுப் பேச்சு. சோர்வு என மாற்றுக.’

“நீங்க எழுதிப் போடுங்கோ அத்திம்பேர், விளக்கம் சொல்லலாம்,” என்றேன்.

“என்ன விளக்கம் சொல்றது? அவளுக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும்னு கேட்டா?” என்றார். பிறகு, “மாத்திடு. பசங்களுக்குப் புஸ்தகம் வேணும்.”

பிரதி என் கையெழுத்து. அதனால் அடித்ததும் நான்தான். ஒவ்வொரு அலுப்பையும் அடித்து மேலே சோர்வு என்று எழுதினேன். முன்னுரையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நூலின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘தக்க தருணத்தில் ஒரு சொல் தந்து உதவிய என் மனைவிக்கு’ என்று முன்னுரையில் முதல் நன்றி இருக்கிறது. எந்தச் சொல் என்று படித்த மாணவர் யாரும் கேட்டதாக அத்திம்பேர் சொன்னதில்லை. கேட்டுத் தேடியிருந்தாலும் புத்தகத்தில் அது எங்கும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் என்னை வைத்து ஒரு கேலி உண்டு. “தாத்தா காதுல விழற மாதிரி அலுப்பா இருக்குன்னு சொல்லிடாதீங்க, பேனாவை எடுத்துண்டு எப்போலேர்ந்துன்னு வந்துடுவார்,” என்று மருமகள் பிள்ளைகளிடம் சொல்வாள். சொல்லட்டும். நான் கேட்காமல் இருப்பதில்லை.

எப்போதாவது இழுப்பறையைத் திறந்து அச்சை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து வளையங்களை எண்ணுவேன். கற்கண்டுப் பக்கத்திலிருந்து விரிசல் ஆரம்பித்த மூலையை நோக்கிப் போகப் போகப் பதினொன்றுவரை தெரிகிறது. அதற்கும் முந்தியவை, விரிசலின் இரண்டு முகமும் தினம் தினம் ஒன்றோடொன்று உரசியதில் தேய்ந்துபோய்விட்டன. எந்த நாளில் ஆரம்பித்தது என்று அதில் இல்லை.