அப்பாவுக்கு நான் போட்ட பூட்ஸ்

அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்கு நடந்தே வேலைக்குப் போவார். அங்கே ஒரு கண்டெய்னர் யார்டில் சாமான் இறக்கும் வேலை. எண்ணெய் சிந்திக் கிடந்த இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து அவர் செத்துப்போனபோது எனக்குப் பத்து வயது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் யார்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அப்பாவின் ரப்பர் செருப்பை ஒரு ஷாப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். ஒன்றில் வார் அறுந்திருந்தது. பிறகு நட்டஈட்டுக்கு நிரப்ப வேண்டிய ஆங்கிலப் படிவம் ஒன்றை எடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

“மகள் படிக்கிற பிள்ளைதானே, அவவே எழுதட்டும்” என்றார். செத்தவீடு என்பதையும் மறந்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விழுந்தபோது காலில் என்ன போட்டிருந்தார் என்று ஒரு கேள்வி. “செருப்புத்தான். வேற என்னத்தைக் குடுத்தவங்கள்?” என்றார் அம்மா.

அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்குக் காலணிகளின் பெயர்களைப் படம் பார்த்துப் படித்திருந்தோம். ஸ்லிப்பர்ஸ் வீட்டுக்குள் போடுவது, சாண்டல்ஸ் வெயிலில் உலாவப் போடுவது, ஷூஸ் கந்தோர் உத்தியோகத்துக்கு, பூட்ஸ் கடினமான வேலைக்கு. ஸ்லிப்பர்ஸ் போட்டுக்கொண்டே கோயிலுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எங்கள் தெருவை அந்தப் படம் வரைந்தவர் பார்த்ததில்லை. ஆனால் நான் படத்தைத்தான் நம்பினேன். ஸ்லிப்பர்ஸ் என்று எழுதினால் அப்பா வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் கிடந்தவர் போலாகிவிடுமே என்று வெட்கமாக இருந்தது. பூட்ஸ் என்று எழுதினேன்.

பெரியவர் அந்தச் சொல்லைப் பார்த்தார், பேக்கையும் ஒருமுறை பார்த்தார். “எழுத்து முத்துமுத்தா இருக்கு” என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார். பெரியவர் எழும்பும்போது, “அந்தச் செருப்பும் ஃபைலுக்குத் தேவைப்படும், தாங்க மகள்” என்று கேட்டார். நான் பேக்கை நன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. பாதுகாப்பு பூட்ஸ் அணிந்திருந்தும் கவனக்குறைவால் விழுந்தார், பிழை முழுவதும் அவருடையதே, நட்டஈடு கிடையாது என்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசித்துச் சொன்னதும் அம்மா வாசலில் நின்று கத்தினார். “பாவி, மாத்தி எழுதிப்போட்டான்! நான் செருப்பெண்டுதானே சொன்னனான்!”

அப்பாவின் சாவை அப்பாவின் தலையிலேயே கட்ட ஒரு சொல் போதும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அம்மா இன்றைக்கும் அந்த மனிதரைத் திட்டுகிறார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.