குருவிக் கூட்டுக்குத் தடி நட்ட கதை

ஒல்லாந்தில் ஒரு புல்வெளியின் நடுவே இருபத்தைந்து நிமிடம் ஒற்றைக்காலில் நின்றவன் நான். மனைவிக்கே இதை ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன். பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கால் ஓடியபோது, எதிரே புல்லுக்குள் இரண்டு மூங்கில் தடிகள், நுனியில் சிவப்புப் பூச்சு. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு. போர் முடிந்து வன்னியில் மீளக்குடியேறிய எவருக்கும் விளக்கம் தேவையில்லை: அதற்கப்பால் மிதிவெடி. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. ஒரு முயல் தடிகளுக்கு நடுவால் ஓடியது. முயலுக்கு எடை குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் ரப்பர் சப்பாத்துப் போட்ட எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் நேரே தடிகளை நோக்கி நடந்து வந்தார். கையை நீட்டி மறித்தேன். "ஓம், கவனம், முட்டை இருக்கிறது" என்றார் அவர். இந்த நாட்டில் மிதிவெடிக்கு அப்படித்தான் பெயர்போலும் என்று தலையாட்டினேன்.

அது உண்மையாகவே முட்டைதான். நீளச் சொண்டும் காவிக் கழுத்துமான, இவர்கள் 'க்ருத்தோ' என்கிற பறவையின் கூடு. புல்வெட்டும் இயந்திரம் விலகிப் போவதற்குத்தான் தடி. விலகும் கமக்காரருக்கு அரசாங்கம் நட்டஈடும் கொடுக்கிறது. அப்படியிருந்தும் வசந்தம் காய்ந்து, புழுக்கள் ஆழத்துக்குப் போய், வருடா வருடம் குருவிகள் குறைகின்றன. மரெய்க்க என்ற அந்தப் பெண்மணி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை; அவரோடு நானும் தடி நடச் சேர்ந்தேன். மாரியில் எங்கள் ஊர்க் கண்டாவளைச் சேற்றில் நிற்கும் அதே குருவி அல்லவா? ஒன்றைக் காணும்போதெல்லாம் தமிழில் ஊர்ப்புதினம் விசாரித்தேன். மரெய்க்க பொறுமையாகத் திருத்தினார்: இவை குளிருக்கு செனகல் போகின்றன, உங்கள் ஊருக்கு வருபவை சைபீரியாக் குருவிகள். நாலு கிழமையாக ஒரு செனகல்காரனிடம் வெள்ளாமை எப்படி என்று கேட்டிருக்கிறேன்.

இந்தத் தை மாதம் ஊருக்கு வெளிக்கிட்டபோது மரெய்க்க குருவி எண்ணி எழுத ஒரு கொப்பியைத் தந்தார். அவருடைய சுவரில் ஓர் உலகப்படம், குருவி எண்ணிய இடமெல்லாம் குண்டூசி. வன்னியில் ஒன்றுமில்லை. புஸ்பம் மச்சாளின் இரண்டு ஏக்கர் வயல் கண்டாவளையில் நீரேரிக் கரையோடு கிடக்கிறது. வரம்பில் ஏறினால், பிந்திப் பெய்த மழையில் நிறைந்த தண்ணீரில் நூற்றுக்கணக்கில் நீளச் சொண்டுகள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொப்பியைத் திறந்தேன். மச்சாள் பேனையைப் பறித்தாள்.

"எழுதாதையும் மச்சான். இஞ்ச குருவி இல்லை."

"பின்னால பாரும், நிக்குது."

"நிக்கட்டும். போன வருசம் பக்கத்துக் காணியில ஆரோ வந்து எண்ணினவை. அடுத்த மாசம் அரசாங்கம் எல்லைக்கல்லுப் போட்டிட்டுது. குருவியின்ர இடமாம், இனி உழக்கூடாதாம்."

"ஒல்லாந்தில குருவி நிண்டா கமக்காரனுக்குக் காசு குடுக்கினம்."

"அப்ப அங்கத்தைக் குருவியை எண்ணும்."

கொப்பியை மூடினேன். தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தேன். பொழுது சாயும்வரை திருப்பித் தரவில்லை. "முந்தி இதுகள் கூட்டமா எழும்பினா வெயில் மறையும். இப்ப பாதிகூட இல்லை" என்றாள். பிறகு, "அந்த வடக்கால நிக்கிற குருவியார் உம்மட கொப்பர் மாதிரி நடக்கிறார்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் பார்த்தேன். அப்பாதான்.

திரும்பி வந்ததும் மரெய்க்க குண்டூசியோடு நின்றார். "எத்தனை?" "நிறைய." "எங்கே?" "மச்சாளின் வயலில்." "அது எங்கே?" "மறந்துபோனேன்." என்னை வைத்தியரிடம் காட்ட வேண்டுமோ என்பதுபோலப் பார்த்தார். குண்டூசி பெட்டிக்குள் போனது.

சித்திரையில் நானே தனியாக முதல் கூட்டைக் கண்டுபிடித்தேன். நாலு முட்டை. அந்தப் பெருமையில் புல்வெளியில் நின்றபடியே மச்சாளுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, சிவப்பு நுனித் தடியைக் காட்டினேன். அவள் தடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கட காணியில நிண்ட தடியெல்லாம் பிடுங்கி முடிக்க எத்தினை வருசம் போச்சுது. நீர் அங்க போய்ச் சம்பளமும் இல்லாம நட்டுக்கொண்டு நிக்கிறீரோ?"